4×5 ஷீட் ஃபிலிமுக்குப் பழைய என்லார்ஜர்: வாங்கும் முன்னும் பின்னும் எழும் கேள்விகள்

4×5 அங்குல நெகடிவைப் பெரிதாக்கும் என்லார்ஜர் தேடுவோர் கையில் பெரும்பாலும் சிக்குவது செகண்ட் ஹேண்ட்தான். மூடிய ஸ்டூடியோ, கலைத்துவிட்ட கல்லூரி இருட்டறை, விற்கத் தீர்மானித்த லேப் என்று எங்கிருந்தாவது வரும். இரும்பு, அலுமினியம், கண்ணாடி, கொஞ்சம் வயர், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. பார்த்து எடுத்தால் நெடுநாள் உழைக்கும். பார்க்காமல் எடுத்தால் 40 கிலோ சாமான் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும் கீழே.

என்னிடம் 6×7 செ.மீ நெகடிவ் வரை ஏற்கும் என்லார்ஜர் இருக்கிறது. அதிலேயே 4×5 நெகடிவைப் பிரிண்ட் போட முடியாதா?

முடியாது. நெகடிவ் வைக்கும் திறப்பு சிறியது, கன்டென்சரின் (விளக்கொளியைக் குவித்து நெகடிவுக்கு அனுப்பும் தடித்த கண்ணாடி) விட்டம் சிறியது, 150 மி.மீ லென்ஸுக்குத் தேவையான துருத்தி (நெகடிவுக்கும் லென்ஸுக்கும் நடுவே நீண்டு சுருங்கும் மடிப்பு உறை) நீளமும் கிடையாது. திறப்பை அரத்தால் ராவிப் பெரிதாக்கினாலும் ஒளி மூலைக்குப் போய்ச் சேராது. ஆனால் 4×5 என்லார்ஜரில் 35 மி.மீ, 120 ரோல் ஃபிலிம் இரண்டையும் தாராளமாகப் போடலாம். அந்தந்த அளவு நெகடிவைப் பிடிக்கும் கேரியரும், 50, 80 மி.மீ லென்ஸ்களும், அவற்றை மாட்டும் லென்ஸ் போர்டும் இருந்தால் போதும்.

எந்த மாடல்களைத் தேடலாம்?

முதல் என்லார்ஜர் என்றால் ஒமேகா டி வரிசையைச் சொல்வோம்: டி2, டி2வி, டி3, டி5, டி5-எக்ஸ்எல். அமெரிக்காவில் பள்ளிகளும் ஸ்டூடியோக்களும் பல பத்தாண்டுகள் வாங்கிக் குவித்தவை இவை. அதனால் கேரியர், லென்ஸ் போர்டு, கன்டென்சர் என எல்லா உதிரியும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு மாடலின் கேரியர் பெரும்பாலும் அடுத்த மாடலிலும் உட்காரும்.

பெசலர் 45 வரிசை இரட்டைத் தூண் சட்டகம், ஆட்டம் குறைவு. தலையை மோட்டார் ஏற்றி இறக்கும். மோட்டாரை மேலும் கீழும் முழுத் தூரம் ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

டெவெர் 504 இங்கிலாந்துத் தயாரிப்பு. ஃபோகஸ், உயரம் இரண்டின் கைச்சக்கரங்களும் அடிப்பலகைப் பக்கத்திலேயே இருக்கும். தலை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் கிரெய்ன் ஃபோகஸரில் (ஃபோகஸ் பார்க்க அடிப்பலகையில் வைக்கும் உருப்பெருக்கி) கண்ணை வைத்தபடியே திருகலாம். பெரிய பிரிண்ட் போடுகிறவருக்கு இதன் அருமை முதல் நாளிலேயே தெரிந்துவிடும். கனம் அதிகம், தூக்க இரண்டு பேர் வேண்டும்.

இத்தாலியின் டர்ஸ்ட் எல்1200, ஜப்பானின் எல்பிஎல் 4500, 4550 வரிசை, இரண்டுமே நேர்த்தியானவை. டர்ஸ்ட் லேபரேட்டர் 138 என்பது 5×7 வரை ஏற்கும் அருமையான எந்திரம், ஆனால் ஒவ்வொரு லென்ஸ் நீளத்துக்கும் தனிக் கன்டென்சர் ஜோடி கேட்கும். உங்கள் லென்ஸுக்கான ஜோடி உடன் வராவிட்டால் ஒளி சமமாக விழாது. அப்படிப்பட்ட 138-ஐ விட்டுவிடுங்கள்.

எங்கள் குடும்ப ஸ்டூடியோவின் பழைய கண்ணாடி நெகடிவ்கள் இருக்கின்றன. 4×5 என்லார்ஜர் போதுமா?

முதலில் ஸ்கேலால் அளந்து பாருங்கள். கால் தட்டு 3¼×4¼ அங்குலம், இது 4×5-க்குள் அடங்கும். அரைத் தட்டு 4¾×6½ அங்குலம், இதற்கு 5×7 என்லார்ஜர் வேண்டும். முழுத் தட்டு 6½×8½ அங்குலம், 8×10 என்லார்ஜரில்தான் போகும். அதைத் தேடி அலைவதைவிடக் கான்டாக்ட் பிரிண்ட் (நெகடிவைப் பேப்பர் மேலேயே வைத்து எடுப்பது) போடுவது நல்லது. அந்தத் தட்டுகளில் பலவும் கான்டாக்ட் பிரிண்டுக்காகவே எடுக்கப்பட்டவை, அவற்றின் அழகும் அதில்தான் வெளிப்படும்.

கண்ணாடித் தட்டுக்கு மேல் இன்னொரு கண்ணாடி வைத்து அழுத்தாதீர்கள். விரிசல் விட்ட தட்டு இரண்டாகிவிடும். தட்டின் தடிமன் அளவுக்கு அட்டையில் சட்டம் வெட்டி, அதற்குள் தட்டை உட்கார வையுங்கள்.

நேரில் பார்க்கப் போகிறேன். எதை எடுத்துப் போகலாம், எதைச் சோதிக்கலாம்?

சிறிய டார்ச், இஞ்ச் டேப், ரசமட்டம், கழிவு நெகடிவ் ஒன்று, வெள்ளைத் தாள் ஒன்று. விற்பவரிடம் அறையை இருட்டாக்கித் தரச் சொல்லுங்கள். விளக்கு எரியாத என்லார்ஜரைச் சோதிப்பது பாதிச் சோதனைதான்.

முதலில் தூண். தலையை உச்சிக்கு ஏற்றி, நெகடிவை வைத்து, வெள்ளைத் தாளில் ஃபோகஸ் செய்யுங்கள். தலையை விரல் நுனியால் லேசாகத் தட்டுங்கள். படம் அதிர்ந்து 2, 3 விநாடிக்குள் நின்றுவிட்டால் நல்லது. தொடர்ந்து ஆடினால் உருளைகள் தேய்ந்திருக்கலாம், அடிப்பலகையோடு தூணைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம். போல்ட் என்றால் முறுக்கிக்கொள்ளலாம். வளைந்த தூணை நிமிர்த்த முடியாது. தூணின் நீளவாக்கில் ஒற்றைக் கண்ணால் பார்த்தாலே வளைவு தெரியும்.

அடுத்து துருத்தி. விளக்கைப் போட்டு லென்ஸை மூடி, துருத்தியை முழுதாக நீட்டி, மடிப்பு மூலைகளைப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஓட்டை. நாலைந்து ஓட்டை என்றால் கறுப்புத் துணி டேப்போ, கறுப்புத் துணிப் பெயின்டோ போதும். மடிப்பு முழுதும் பொரிந்து உதிர்ந்தால் புதுத் துருத்தி தைக்க வேண்டும்.

கன்டென்சரை வெளியே எடுத்து டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். தூசியும் விரல் ரேகையும் கழுவினால் போகும். சிறு கீறலும் படத்தில் விழாது, கன்டென்சர் ஃபோகஸ் தளத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஓரத்தில் பெரிதாகச் சில்லு பெயர்ந்திருந்தால்தான் கவலை.

ஃபோகஸ் குமிழைத் திருகிவிட்டுக் கையை எடுங்கள். லென்ஸ் தன் எடையில் மெல்லக் கீழே சரிகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். 150 மி.மீ லென்ஸ் கனமானது. சரிந்தால் உராய்வுத் திருகை இறுக்க வேண்டும், அப்படியும் நிற்காவிட்டால் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது.

கடைசியாக வயர். பல பழைய எந்திரங்களில் விளக்கு வீட்டுக்குள் ஓடும் வயருக்குக் கல்நார் உறை இருக்கும். வெள்ளையாக, நார் நாராகப் பிரிந்து தொங்கும். அதைக் கையால் பிய்க்காதீர்கள், ஊதாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கொண்டு நனைத்து எடுத்துவிட்டு, வெப்பம் தாங்கும் சிலிகான் உறை வயர் போட வேண்டும். அப்போதே உலோக உடலுக்கு எர்த்தும் கொடுத்துவிடுங்கள். எர்த் உயிருக்குக் காப்பு, நிலைமின்சாரத்தால் நெகடிவ் தூசியை இழுப்பதும் குறையும்.

எந்தப் பாகம் இல்லையென்றால் வாங்காமல் விடலாம்?

4×5 கேரியர், 150 மி.மீக்கான லென்ஸ் போர்டு, கன்டென்சர் முழு செட் அல்லது டிஃப்யூஷன் தலையின் (ஒளியைச் சிதறடித்து அனுப்பும் விளக்குத் தலை) ஒளி கலக்கும் பெட்டியான மிக்சிங் பாக்ஸ். இந்த மூன்றில் இரண்டு இல்லையென்றால் யோசிக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். உதிரியாகத் தேடி வாங்கும்போது செலவு என்லார்ஜர் விலையைத் தாண்டிவிடும். லென்ஸ் போர்டு விஷயத்தில் ஒமேகா டி2-வில் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் துருத்தி குட்டை. 135, 150 மி.மீ லென்ஸுக்குத் தட்டையான போர்டு உதவாது, கூம்பு வடிவில் கீழ்நோக்கி நீண்ட போர்டு வேண்டும். 'லென்ஸ் போர்டு உண்டு' என்று விற்பவர் சொன்னால் அதன் போட்டோவைக் கேளுங்கள்.

லென்ஸ், டைமர், ஈசல் (பேப்பரைத் தட்டையாகப் பிடிக்கும் சட்டம்) இல்லாவிட்டால் பரவாயில்லை. அவை தனியாகக் கிடைக்கும்.

கன்டென்சர் தலையா, டிஃப்யூஷன் தலையா?

பெரிய நெகடிவுக்கு டிஃப்யூஷன் என்பதே எங்கள் பரிந்துரை. கன்டென்சர் ஒளியை ஒரே திசையில் கூட்டி அனுப்புகிறது. நெகடிவின் அடர்த்தியான பகுதிகளில் வெள்ளித் துகள் அந்த ஒளியைச் சிதறடித்து லென்ஸுக்குள் போகவிடாது, அதனால் வெளிச்சப் பகுதிகளின் கான்ட்ராஸ்ட் ஏறுகிறது. காலியே விளைவு என்பது இதுதான். ஒரே நெகடிவ் கன்டென்சரில் ஏறத்தாழ ஒரு கிரேடு (பேப்பரின் கான்ட்ராஸ்ட் அளவு) கடினமாக வரும். தூசியும் கீறலும் கூடவே கூர்மையாக வரும். 35 மி.மீக்கு அந்தக் கூர்மை பயன்படலாம், 4 மடங்கு மட்டுமே பெரிதாகும் 4×5-க்கு அது தேவையே இல்லை. தூசிப் புள்ளியைத் தூரிகையால் தொட்டு மறைக்கும் வேலை மிச்சமாவதே பெரிய லாபம்.

கையில் கிடைத்தது கன்டென்சர் எந்திரம் என்றால் அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். ஃபிலிம் டெவலப் செய்யும் நேரத்தை 10 முதல் 15 சதவீதம் குறைத்து, நெகடிவைச் சற்று மென்மையாக எடுங்கள்.

பழைய கோல்டு லைட் தலை மல்டிகிரேடு பேப்பருக்கு ஒத்து வருமா?

கோல்டு லைட் என்பது பல்புக்குப் பதில் ஒளிக்குழல் எரியும் டிஃப்யூஷன் தலை, மல்டிகிரேடு என்பது ஃபில்டரை மாற்றிக் கிரேடை மாற்றும் பேப்பர். ஒத்து வருவது உள்ளே இருக்கும் குழலைப் பொறுத்தது. அமெரிக்க அரிஸ்டோ தலைகளில் வி54 குழல் மல்டிகிரேடு பேப்பருக்கென்றே வந்தது. அதற்கு முந்தைய டபிள்யூ45 குழலில் நீலம் மிகுதி, 40 அளவு மஞ்சள் ஃபில்டரை நிரந்தரமாகச் சேர்த்தால்தான் நடுக் கிரேடுகள் சரியாக வரும். இரண்டிலும் குழல் சூடாகச் சூடாக ஒளி மாறும். 10 விநாடியில் எடுத்த டெஸ்ட் ஸ்டிரிப்பும் (சரியான நேரத்தைக் கண்டுபிடிக்கப் போடும் சோதனைத் துண்டு) அரைமணி கழித்துப் போட்ட பிரிண்டும் ஒத்துப்போகாத குறை இங்கிருந்துதான் வருகிறது. தலையின் ஹீட்டரை வேலைக்கு முன்பே போட்டு வையுங்கள். ஹீட்டர் கெட்டிருந்தால், ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் முன் ஒரே அளவு நேரம் எரியவிட்டு அணைத்துப் பழகுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் எந்திரத்தை இங்கே 230 வோல்ட்டில் எப்படி ஓட்டுவது?

இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க எந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேரடியாகச் சொருகினால் பல்பு அந்த நொடியே போய்விடும்.

சாதாரணப் பல்பு எரியும் தலைக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். பல்பின் வாட்டைப் போல இரண்டு மடங்கு வி.ஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் திறன்) இருக்கட்டும்: ஒமேகாவில் வழக்கமான பிஎச்212 பல்பு 150 வாட், அதற்கு 300 வி.ஏ. டைமரை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால், 120 வோல்ட் பக்கம் வைப்பதுதான் முறை. ஒவ்வொரு முறையும் டிரான்ஸ்ஃபார்மரையே அணைத்து ஏற்றுவது அதற்கும் நல்லதல்ல, டைமரின் ரிலேக்கும் நல்லதல்ல.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. கிராலேப் 300 போன்ற கடிகார முள் டைமர்கள் மின்னோட்டத்தின் ஹெர்ட்ஸை எண்ணி ஓடுபவை. 50 ஹெர்ட்ஸில் 10 விநாடி வைத்தால் 12 விநாடி ஓடும். எல்லா அளவும் ஒரே விகிதத்தில் நீள்வதால் பிரிண்ட் கெடாது, ஆனால் குறிப்பேட்டில் எழுதும்போது நினைவில் இருக்கட்டும். மோட்டார் உள்ள பெசலரில் மோட்டார் சற்று மெதுவாக ஓடிச் சற்று அதிகம் சூடாகும். இடைவெளி விட்டு இயக்குங்கள்.

இன்னொரு வழி, ஹோல்டரையும் வயரையும் 230 வோல்ட்டுக்கு மாற்றி, 230 வோல்ட் பால்வெள்ளைப் பல்பு போடுவது. திருகு அடியான ஈ27 வேண்டும். நம் தெருக்கடையில் கிடைக்கும் பின் வகை பி22 உட்காராது. பல்பின் முகத்தில் எழுத்து அச்சிட்டிருந்தால் அந்த நிழல் பிரிண்டில் விழக்கூடும், அதைத் தவிருங்கள். வீட்டு எல்இடி பல்பைப் போடுவதானால், அணைத்தபின் மினுக்கென்று ஒளி மிச்சமிருக்கிறதா என்று இருட்டில் பாருங்கள். அந்த மிச்ச ஒளி பேப்பரை மூட்டமாக்கும். பல்பின் கம்பெனி மாறினால் கிரேடும் மாறும்.

எந்த லென்ஸ்?

150 மி.மீ. ஷ்னைடர் காம்போனான்-எஸ், ரோடன்ஸ்டாக் ரோடகான், நிக்கான் எல்-நிக்கோர் என்று மூன்றுமே ஆறு கண்ணாடி லென்ஸ்கள், எஃப் 5.6 திறப்பு. மூன்றில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் வாங்கலாம், மாடலைவிட நிலைதான் முக்கியம். 135 மி.மீ லென்ஸும் 4×5-ஐ மூடும், அறை தாழ்வாக இருந்தால் அது உதவும். மூலையில் ஒளி சற்றுக் கூடுதலாகக் குறையும், அவ்வளவுதான்.

லென்ஸின் திறப்பை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்திவலை போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. பால் பூத்ததுபோல மங்கல் படர்ந்திருந்தாலும் வேண்டாம். கறுப்பு நிழல்கள் சாம்பல் நிறமாகிவிடும்.

லென்ஸைப் போர்டில் மாட்டும் திருகு மறையையும் அளந்துகொள்ளுங்கள். சிறிய லென்ஸ்களுக்கு 39 மி.மீ மறை வழக்கம், 150 மி.மீ லென்ஸ்கள் பலவற்றுக்கு 50 மி.மீ. போர்டில் துளை சரியாக இருந்தும் பின்வளையம் இல்லாமல் தவிப்பவர்கள் உண்டு, வளையத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வேலைக்கு எஃப் 11. தேவைப்பட்டால் எஃப் 16. அதற்குமேல் மூடினால் கூர்மை குறையத் தொடங்கும்.

என் அறைக்குள் நிற்குமா?

கணக்கு எளிது. எத்தனை மடங்கு பெரிதாக்குகிறீர்களோ அந்த எண்ணோடு 2-ஐயும், 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதையும் கூட்டுங்கள். அதை லென்ஸ் நீளத்தால் பெருக்கினால் நெகடிவுக்கும் பேப்பருக்கும் இடையிலான தூரம் வரும். 16×20 பிரிண்டுக்கு 4 மடங்கு: 4 + 2 + 0.25 = 6.25. 150 மி.மீ லென்ஸுக்கு 938 மி.மீ, அதாவது 94 செ.மீ. 135 மி.மீ லென்ஸுக்கு 84 செ.மீ. இதன்மேல் விளக்குத் தலை நிற்கும், அதைத் திறக்க இன்னும் ஒரு கையளவு இடம் வேண்டும். மேசை உயரத்தையும் கூட்டி, கூரையிலிருந்து கழித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மேசையைத் தாழ்த்துவதுதான் வழி.

தலையைக் கழற்றி எடுத்துவர வேண்டும். கவனிக்க வேண்டியது?

இந்தப் பதிலை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். கனமான தலையைத் தாங்குவதற்குத் தூணில் வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. ஏற்றம் இறக்கம் இறகு போல இருப்பது அதனால்தான். தலையைக் கழற்றிய கணமே எதிர்ச்சுமை போய்விடும், மிச்சமிருக்கும் வண்டி (தூணில் ஏறி இறங்கும் பாகம்) விருட்டென்று மேலே பாயும். விரலோ முகமோ வழியில் இருந்தால் பலத்த காயம். முதலில் பூட்டுத் திருகை இறுக்குங்கள். அதை மட்டும் நம்பாமல், வண்டியைத் தூணோடு சேர்த்து நைலான் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். ஸ்பிரிங் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

கன்டென்சரைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். ஜோடிக் கன்டென்சரில் குவிந்த முகங்கள் ஒன்றையொன்று பார்த்திருக்கும். எது மேலே, எது கீழே என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். வயர் இணைப்புகளைப் பிரிக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று தளங்களையும் இணையாக்குவது எப்படி?

நெகடிவ், லென்ஸ், அடிப்பலகை, மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். எங்கோ பயணப்பட்டு வந்த எந்திரம் இணையாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

எந்தச் சாய்வு எவ்வளவு கெடுக்கும் என்று தெரிந்தால் எங்கே மெனக்கெடுவது என்பது புரியும். 16×20 பிரிண்ட், எஃப் 11, பிரிண்டில் 0.2 மி.மீ மங்கல் வரை பொறுத்துக்கொள்வோம் என்று வைத்தால், பேப்பர் பக்கம் மேலும் கீழும் 11 மி.மீ வரை பிழை தாங்கும். அடிப்பலகை 1 டிகிரி சாய்ந்தால் பிரிண்டின் நீள ஓரத்தில் வரும் பிழை 4.4 மி.மீதான். நெகடிவ் தளம் அதே 1 டிகிரி சாய்ந்தால் ஓரத்தில் 1 மி.மீ விலகும். அது பேப்பர் பக்கம் 4×4, அதாவது 16 மடங்காகப் பெருகி ஏறத்தாழ 17 மி.மீ ஆகிவிடும். ஓரம் மங்கிவிட்டது. லென்ஸ் தளம் சாய்ந்தால் இதைவிடவும் மோசம். ஆக, மேலே இருக்கும் இரண்டு தளங்களில்தான் கண் இருக்க வேண்டும்.

முதல் கட்டம் ரசமட்டம். அடிப்பலகையை நீளம், அகலம் இரண்டிலும் மட்டமாக்குங்கள், காலுக்கடியில் மெல்லிய தகடு சொருகினால் போதும். பிறகு கேரியரை எடுத்துவிட்டு நெகடிவ் தளத்தில் ரசமட்டத்தை வையுங்கள். தச்சர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் கோணமானி 0.1 டிகிரி வரை காட்டும், இருந்தால் அது மேல். தலையைப் பிடிக்கும் திருகுகளைத் தளர்த்தி, தேவைப்பட்டால் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். கடைசியில் லென்ஸ் தளம்.

இரண்டாம் கட்டம் கண்ணாடிச் சோதனை, இதுதான் நிஜமான தீர்ப்பு. சமதளமான இரண்டு முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டுகள் எடுங்கள். ஒன்றின் நடுவே பின்பூச்சை 6 மி.மீ அளவுக்குச் சுரண்டித் துளை போல ஆக்குங்கள். மற்றதை அடிப்பலகையில் மேல்நோக்கி வையுங்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு, துளைக் கண்ணாடியை நெகடிவ் தளத்தில் கீழ்நோக்கி வைத்து, மேலிருந்து துளை வழியே பாருங்கள். பிம்பத்துக்குள் பிம்பமாக ஒரு சுரங்கம் தெரியும். வட்டங்கள் ஒரே மையத்தில் அடுக்கடுக்காக இறங்கினால் இணை. சுரங்கம் ஒரு பக்கம் வளைந்து போனால், வளைவு நிமிரும்வரை திருகைத் தொடுங்கள். லென்ஸை மாட்டி, அதன் முன் விளிம்பில் அதே துளைக் கண்ணாடியைக் கீழ்நோக்கிப் பிடித்து, அடிப்பலகைக் கண்ணாடியோடு ஒப்பிட்டு லென்ஸ் தளத்தையும் இப்படியே பார்க்கலாம்.

தலையை உச்சியிலும் கீழேயும் நிறுத்தி மறுபடி சோதியுங்கள். இரண்டு இடத்திலும் ஒன்றுபோல இல்லையென்றால் தூணும் அடிப்பலகையும் நேராக இல்லை. நீங்கள் அதிகம் போடும் பிரிண்ட் அளவின் உயரத்தில் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் இணைதான். ஆனாலும் நடுப்பகுதி மட்டும் மங்கலாக வருகிறது.

நெகடிவ் பொங்குகிறது. விளக்கின் சூட்டில் ஷீட் ஃபிலிம் நடுவே அரை மி.மீ எழும்பினால் பேப்பர் பக்கம் 8 மி.மீ. எஃப் 11-ல் அது தப்பிக்கும், எஃப் 5.6-ல் தப்பிக்காது. வெப்பம் தடுக்கும் கண்ணாடி விளக்குக்கும் நெகடிவுக்கும் இடையே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எந்திரத்தில் உடைந்து காணாமல் போயிருக்கும்.

கண்ணாடியில்லா கேரியர் என்றால், விளக்கை ஒரு நிமிடம் எரியவிட்டு நெகடிவ் பொங்கி நின்றபின் ஃபோகஸ் செய்யுங்கள். நெகடிவ் ஆறுவதற்குள் எக்ஸ்போஸ் செய்துவிடுங்கள். நிரந்தரத் தீர்வு கண்ணாடிக் கேரியர்தான். எங்கள் மனதில் 4×5-க்குக் கண்ணாடிக் கேரியர் ஆடம்பரம் அல்ல, அடிப்படைத் தேவை.

கண்ணாடிக் கேரியர் போட்டால் எண்ணெய் மிதப்பதுபோல வளையங்கள் வருகின்றனவே?

நியூட்டன் வளையங்கள். ஃபிலிமின் வழுவழுப்பான முதுகும் கண்ணாடியும் மிக நெருங்கும்போது வரும். மேல் கண்ணாடியை மட்டும் நியூட்டன் எதிர்ப்புக் கண்ணாடியாக மாற்றுங்கள், அதன் முகம் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். அந்தப் பக்கம் ஃபிலிமைத் தொட வேண்டும். கீழே எமல்ஷன் (படம் பதிந்த பூச்சு) பக்கம் சாதாரண வழுவழுக் கண்ணாடி போதும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய ஃபிலிம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வளையத்தை அதிகமாக்கும். கேரியரை வேலைக்கு முன் விளக்கின் அடியில் சில நிமிடம் காயவையுங்கள்.

பிரிண்டின் மூலைகள் வெளிறிப் போகின்றன.

ஓரளவு இயற்கை. 150 மி.மீ லென்ஸில் 4 மடங்குக்கு மூலையில் ஏறத்தாழ 0.4 ஸ்டாப் (1 ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதி) ஒளி குறையும், 135 மி.மீயில் 0.5 ஸ்டாப். அதற்கு மேல் என்றால் விளக்குத்தான் காரணம். நெகடிவ் இல்லாமல், லென்ஸ் எஃப் 11-ல், நடுச் சாம்பல் வரும்படி ஒரு பேப்பரை எக்ஸ்போஸ் செய்து டெவலப் செய்யுங்கள். காய்ந்ததும் நான்கு மூலைகளையும் வெட்டி நடுப்பகுதியின் மேல் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது இப்படி வைத்தால் பளிச்சென்று தெரியும்.

நான்கு மூலையும் ஒரே அளவு வெளிறினால் கன்டென்சர் தட்டு வேறு லென்ஸுக்கான படியில் இருக்கிறது, அல்லது பல்பின் உயரம் தப்பு. ஒரு பக்கம் மட்டும் என்றால் பல்பு மையத்தில் இல்லை. டிஃப்யூஷன் தலையில் 35 மி.மீக்கான சிறிய மிக்சிங் பாக்ஸ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அடிக்கடி நடக்கும் தவறு இது.

8×10-லிருந்து 16×20-க்குப் போனால் எக்ஸ்போஷர் எவ்வளவு கூடும்?

மடங்கோடு 1-ஐக் கூட்டி, இரண்டையும் வகுத்து, வர்க்கம் எடுங்கள். 2 மடங்கிலிருந்து 4 மடங்குக்கு: 5-ஐ 3-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2.8. முன்பு 10 விநாடி என்றால் இப்போது 28. இது தொடக்கப் புள்ளிதான், டெஸ்ட் ஸ்டிரிப்பைத் தவிர்க்க முடியாது. பெரிய பிரிண்டுக்குக் கிரேடும் அரை அளவு ஏற்ற வேண்டியிருக்கும்.

ஃபில்டர்?

மல்டிகிரேடு பேப்பரில் மஞ்சள் ஃபில்டர் மென்மை, மெஜந்தா கடினம். ஃபில்டர்கள் உள்ளேயே இருக்கும் கலர் தலை இருந்தால் அதன் குமிழ்களே போதும், எண்களைப் பேப்பர் கம்பெனி தரும் அட்டவணையில் பாருங்கள். இல்ஃபோர்டு மல்டிகிரேடு ஃபில்டர் செட்டில் 00 முதல் 5 வரை 12 ஃபில்டர்கள். 3½ வரை ஒரே எக்ஸ்போஷர், 4-லிருந்து இரட்டிப்பு. கலர் தலைகளின் டைக்ரோயிக் கண்ணாடி ஃபில்டர் வெளிறாது. மிகப் பழைய தலைகளின் பிளாஸ்டிக் ஃபில்டர் வெளிறிவிடும்.

வெள்ளை ஓரங்கள் சாம்பலாக வருகின்றன. ஒளி எங்கிருந்து கசிகிறது?

சேஃப்லைட்டை (பேப்பரைப் பாதிக்காத இருட்டறை விளக்கு) அணைத்து, பேப்பர் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, லென்ஸை மூடி, என்லார்ஜர் விளக்கை 3 நிமிடம் எரியவிடுங்கள். டெவலப் செய்தால் நாணயத்தின் வட்டம் தெரிகிறதா? தெரிந்தால் தலையின் காற்றோட்டத் துளையிலிருந்து ஒளி கசிந்து சுவரில் பட்டுத் திரும்புகிறது. எந்திரத்துக்குப் பின்னால் சுவருக்குக் கறுப்புப் பூசுங்கள் அல்லது கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். காற்றோட்டத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள், தலை கருகிவிடும். வட்டம் தெரியாவிட்டால் இதே சோதனையை சேஃப்லைட்டை மட்டும் எரியவிட்டுச் செய்யுங்கள். அதிலும் தெரியாமல் ஓரம் சாம்பலாகவே வந்தால் பேப்பர் பழசு.

கூர்மை நாளுக்கு நாள் மாறுகிறது.

சீலிங் ஃபேன். அது சுழலும்போது தூண் மெல்ல அதிரும், எக்ஸ்போஷரின்போது அணைத்துவிடுங்கள். கேரியரைச் செருகிய பின் 10 விநாடி கைபடாமல் விடுங்கள். தூணின் உச்சியைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். டைமர் என்லார்ஜர் மேசையில் வேண்டாம்.

ஃபோகஸ் செய்வதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. 2 மடங்கில் மென்துகள் ஃபிலிமின் கிரெய்ன் ஃபோகஸரில் தெரியவே தெரியாது. கழிவு நெகடிவ் ஒன்றின் எமல்ஷனில் ஊசியால் நடுவிலும் நான்கு மூலையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி வையுங்கள். அதில் ஃபோகஸ் செய்துவிட்டு, அதே கேரியரில் உண்மையான நெகடிவை மாற்றுங்கள்.

வேலை இல்லாத மாதங்களில் எப்படி வைப்பது?

கடலோர ஊர் என்றால் லென்ஸை மாட்டியே வைக்காதீர்கள். கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் வறுத்து மறுபடி போடலாம். அந்த வாணலியில் சமைக்க வேண்டாம். லென்ஸ் துளையைப் போர்டோடு மூடி, துருத்தியை முழுதும் சுருக்காமலும் நீட்டாமலும் நடுநிலையில் விட்டு, தலைக்குப் பருத்தித் துணி உறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை விளக்கைக் கால்மணி நேரம் எரியவிட்டால் கன்டென்சரில் பூஞ்சை அண்டாது. அண்டிவிட்டால் கன்டென்சரை வெளியே எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கையாலேயே கழுவி, பருத்தித் துணியில் ஒற்றி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.